டாஸ் காலத்துக் கணினியைப் பிணையத்தில் சேர்ப்பது எப்படி: முதன்முறை முயல்வோருக்கான முழுமையான வழிகாட்டி

டாஸ் என்ற பழைய இயங்குதளம் ஓடும் ஒரு பிசியைப் பிணையத்தில் (நெட்வொர்க்கில்) சேர்ப்பது, எல்லாம் கைவசம் இருந்தால், ஒரு மாலை நேர வேலை. அதற்கே மூன்று இரவுகள் கண்விழித்தவர்களையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் திறமை குறைந்தவர்கள் அல்லர். கேபிளில் சிக்னல் வருகிறதா என்று பார்க்கும் முன்பே ஐபி முகவரியை மாற்றத் தொடங்கிவிடுவார்கள். ஒரே நேரத்தில் மூன்று இடங்களில் கை வைத்தால், எது சரியானது, எது கெட்டது என்று பிறகு கண்டுபிடிக்க வழியே இருக்காது.

அதனால் இங்கே கீழிருந்து மேலே போகிறோம். கேபிள், கார்டு, டிரைவர் (கார்டை இயக்கும் சிறு நிரல்), முகவரி, கடைசியாக நிரல். ஒரு படி உறுதியானபின்தான் அடுத்த படி. நான் எடுத்துக்கொள்வது ஐபிஎம் பிசி, எக்ஸ்டி, ஏடி, 386, 486 வகை இயந்திரங்களையும் டாஸையும்தான்.

1. எதற்காக இணைக்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"நெட்வொர்க்கில் சேர்க்க வேண்டும்" என்று வருபவரிடம் நான் முதலில் கேட்பது, "சேர்த்தபின் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்பதுதான். பதிலைப் பொறுத்து வாங்க வேண்டிய பொருளே மாறும்.

இரண்டு கணினிகளுக்கு இடையே எப்போதாவது சில கோப்புகளை மாற்றினால் போதும் என்றால், நெட்வொர்க் கார்டே வேண்டாம். சீரியல் கேபிள் ஒன்று போதும். புதிய கணினிக்கும் பழையதற்கும் இடையே அடிக்கடி கோப்புகள் போய்வர வேண்டும் என்றால் ஈதர்நெட் கார்டும், இணையம் பேசும் மொழியான டிசிபி/ஐபியைப் பேசும் நிரல்களும் தேவை. இரண்டு பழைய கணினிகளில் சேர்ந்து விளையாட வேண்டும் என்றால் நோவெல் நிறுவனத்தின் பழைய பிணைய மொழியான ஐபிஎக்ஸ் தேவைப்படலாம். 1993இல் வந்த டூம் அப்படிப்பட்டது. அதற்கு ஐபி முகவரி வைத்து ஒரு பயனும் இல்லை.

2. முதல் கோப்பை உள்ளே கொண்டுபோகும் வழியைத் தேடுங்கள்

இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. கார்டைப் பொருத்திவிட்டுப் பார்த்தால் அதற்கான டிரைவர் புதிய கணினியில் இருக்கும். அதைப் பழையதற்குக் கொண்டுபோக ஒரு பிணையம் தேவைப்படும்!

ஃபிளாப்பி இருந்தால் பிரச்சினை இல்லை, ஆனால் அளவைப் பாருங்கள். பழைய எக்ஸ்டியில் 360 கேபி டிரைவ் இருந்தால், 1.2 எம்பி டிரைவில் எழுதிய ஃபிளாப்பியை அது பெரும்பாலும் படிக்காது. 1.2 எம்பி டிரைவின் தலை குறுகியது. அது எழுதும் தடமும் குறுகியது. ஏற்கெனவே எழுதப்பட்ட ஃபிளாப்பியாக இருந்தால் பழைய தடத்தின் மிச்சம் இரு ஓரங்களிலும் நின்று புதிய தகவலைக் குழப்பும்.

ஃபிளாப்பி வழி அடைபட்டால், எம்எஸ்-டாஸ் 6இல் இருக்கும் இன்டர்லிங்க், இன்டர்சர்வர் என்ற இரட்டை நிரல்கள் கைகொடுக்கும். இன்டர்சர்வரை ஆர்காப்பி என்ற விருப்பத்தோடு ஓட்டினால், சீரியல் கேபிள் வழியாகவே எதிர்க்கணினிக்குத் தன்னை நகலெடுத்துக்கொள்ளும். எதிர்க்கணினியில் தட்ட வேண்டியதைத் திரையே சொல்லும். அங்கே டாஸின் மோட் கட்டளை இருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. கேபிளில் ஏழு கம்பிகளும் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. மூன்றே கம்பி கொண்ட கேபிளில் இது வேலை செய்யாது.

கேபிளைக் கையால் செய்பவர்கள் வழக்கமாகத் தவறுவது ஓரிடத்தில். 9 முனை இணைப்பில் 2ஆம் முனை வாங்குவது, 3ஆம் முனை அனுப்புவது, 5 தரை. 25 முனை இணைப்பிலோ 2 அனுப்புவது, 3 வாங்குவது, 7 தரை. ஆகவே 9க்கும் 9க்கும் இடையே 2ஐயும் 3ஐயும் குறுக்காக இணைக்க வேண்டும். 9க்கும் 25க்கும் இடையே 2ஐ 2இலும் 3ஐ 3இலும் நேராக இணைத்தாலே அது குறுக்குக் கேபிள் ஆகிவிடும். "குறுக்கு" என்ற சொல்லை நம்பி இங்கேயும் மாற்றிப் போட்டால் இரண்டு கணினிகளும் ஒரே கம்பியில் பேசும், கேட்க ஆள் இருக்காது.

வேகம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். சீரியல் போர்ட்டின் உச்சமான நொடிக்கு 115,200 பிட்டிலேயே ஒரு 1.44 எம்பி ஃபிளாப்பி அளவுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். டிரைவர் ஒன்றைக் கொண்டுபோக அது தாராளம்.

இன்டர்லிங்கை, டாஸ் தொடங்கும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பில் கடைசி டிவைஸ் வரியாகப் போடுங்கள். மேலே போட்டால் அதற்குப் பின் வரும் டிரைவ்களின் எழுத்துகள் தள்ளிப்போய், பழைய நிரல்கள் கோப்பைக் காணோம் என்று தேடும்.

3. மூடியைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப்போனவர்கள் எல்லாரும் பிறகு திரும்பி வந்திருக்கிறார்கள். பழைய பிசியில் பெரும்பாலான கார்டுகளுக்கு இரண்டு எண்கள் உண்டு: அது கணினியைக் கூப்பிடும் ஐஆர்கியூ எண், கணினி அதைக் கூப்பிடும் போர்ட் முகவரி. இரண்டு கார்டுகள் ஒரே எண்ணைப் பிடித்தால் இரண்டும் தடுமாறும். டாஸ் உங்களை எச்சரிக்காது.

தாளில் முதலில் நிலையானவற்றை எழுதுங்கள். முதல் சீரியல் போர்ட் 4, இரண்டாவது 3. ஃபிளாப்பி 6. முதல் பிரிண்டர் போர்ட் 7. எக்ஸ்டியின் ஹார்ட் டிஸ்க் 5, ஏடி வகையில் 14. சவுண்ட் கார்டு இருந்தால் அது பெரும்பாலும் 5 அல்லது 7. மிச்சம் இருப்பதுதான் உங்களுக்கு. ஏடி, 386, 486 என்றால் 10 அல்லது 11 பெரும்பாலும் காலியாக இருக்கும். எக்ஸ்டியில் 7க்கு மேல் எண்களே கிடையாது. இரண்டாவது சீரியல் போர்ட் இல்லையென்றால் 3ஐ எடுங்கள்.

போர்ட் முகவரியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. என்இ2000 வகை ஈதர்நெட் கார்டு 300 என்ற பதினறும (16ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை) முகவரியில் அமர்ந்தால், அங்கிருந்து 31எஃப் வரை 32 இடங்களைப் பிடித்துக்கொள்ளும். இதை அறியாமல் 360ஐத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. 360இல் தொடங்கினால் 37எஃப் வரை போகும். நடுவே 378இல் பிரிண்டர் போர்ட் இருக்கிறது. 320உம் எக்ஸ்டிக்கு ஆகாது, ஹார்ட் டிஸ்க் கட்டுப்பாட்டுக் கார்டு அங்கே இருக்கும். 300 காலியாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஸ்லாட்டைப் பார்த்துக் கார்டை வாங்குங்கள்

1981இன் பிசியிலும் 1983இன் எக்ஸ்டியிலும் இருப்பவை 8 பிட் ஸ்லாட்டுகள். 1984இன் ஏடியில்தான் 16 பிட் ஸ்லாட் வந்தது. 16 பிட் கார்டின் பின்பாதி வெளியே தொங்க, முன்பாதியை மட்டும் 8 பிட் ஸ்லாட்டில் செருக முடியும். சில கார்டுகள் அப்படியும் வேலை செய்யும். ரியல்டெக் 8019 சிப் கொண்ட பல கார்டுகள் அப்படிப்பட்டவை. நோவெலின் அசல் என்இ2000 செய்யாது. என்இ1000, டபிள்யூடி8003, 3காம் நிறுவனத்தின் 3சி503 ஆகியவை 8 பிட்டுக்கென்றே வந்தவை.

8088 செயலி கொண்ட கணினி வைத்திருப்பவர்கள் டிரைவரையும் பாருங்கள். 286 அல்லது அதற்கு மேற்பட்ட செயலிகளுக்கென்று எழுதப்பட்ட டிரைவர், 8088 அறியாத கட்டளைகளைத் தரும். கணினி உறைந்து நிற்கும், கார்டின் மேல் பழி விழும்.

கார்டின் பின்புறம் எந்த இணைப்பு இருக்கிறது என்பதையும் வாங்கும் முன்பே கேளுங்கள். இன்றைய சுவிட்சில் செருகும் ஆர்ஜே45 துளை இருந்தால் வேலை பாதி குறையும். வட்டமான பிஎன்சி இணைப்பு மட்டும் இருந்தால் அடுத்த பகுதியின் பின்பாதியைக் கவனமாகப் படியுங்கள்.

5. கேபிள்: விளக்கு எரியும்வரை வேறு எதையும் தொடாதீர்கள்

ஆர்ஜே45 என்றால் கார்டிலிருந்து சுவிட்சுக்கு ஒரு சாதாரண கேபிள். சுவிட்சே இல்லாமல் இரண்டு பழைய கணினிகளை நேராக இணைத்தால் மட்டும் குறுக்குக் கேபிள் வேண்டும். புதிய சாதனங்கள் தாமாகவே மாற்றிக்கொள்ளும். இரண்டு பக்கமும் பழையதாக இருந்தால் மாற்றிக்கொள்ள ஆள் இல்லை.

கார்டில் துளையின் அருகே இருக்கும் இணைப்பு விளக்கு எரியவில்லையா? அடிக்கடி வரும் காரணம் சுவிட்சின் வேகம். உங்கள் கார்டு நொடிக்கு 10 மெகாபிட் மட்டும் பேசும். இப்போது வரும் வேகமான சுவிட்சுகளில் சில அந்த மொழியையே கைவிட்டுவிட்டன. 10/100 என்று எழுதிய பழைய சிறு சுவிட்சை இடையில் வைத்தால் தீர்ந்தது. சுவிட்சை முழு இருவழிக்குக் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும்) கட்டாயப்படுத்த வேண்டாம்; தானியங்கி நிலையிலேயே விடுங்கள். பழைய கார்டு வேகத்தைப் பேரம் பேசத் தெரியாதது. தானியங்கி நிலையில் உள்ள சுவிட்ச் அதைப் புரிந்துகொண்டு அரை இருவழிக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) இறங்கிவரும். கட்டாயப்படுத்தினால் இரண்டும் முட்டிக்கொண்டு வேகம் ஊர்ந்துபோகும்.

மூன்று இணைப்புகள் கொண்ட காம்போ கார்டுகளில் எந்தத் துளை விழித்திருக்க வேண்டும் என்பதை அமைப்பு நிரலில்தான் சொல்ல வேண்டும். முந்தைய உரிமையாளர் பிஎன்சியில் விட்டுப்போயிருந்தால் ஆர்ஜே45 உறங்கிக்கொண்டிருக்கும்.

இனி வட்ட இணைப்பு. இங்கே கணினிகள் ஒரே கேபிளில் சரமாகக் கோக்கப்படுகின்றன. ஒவ்வொரு கார்டிலும் டி வடிவ இணைப்பை நேரடியாகச் செருக வேண்டும். டிக்கும் கார்டுக்கும் இடையே ஒரு சாண் கேபிள்கூடக் கூடாது. அந்த வாலின் முனையில் சிக்னல் மோதித் திரும்பும். சரத்தின் இரு முனைகளிலும் 50 ஓம் முடிப்பான் (சிக்னல் மோதித் திரும்பாமல் தடுக்கும் சிறு மூடி) கட்டாயம். இரண்டே கணினிகள் என்றாலும் இரண்டு முடிப்பான்கள். கேபிள் ஆர்ஜி-58 வகையாக இருக்க வேண்டும். தொலைக்காட்சிக் கேபிள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அது 75 ஓம். சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. ஒரு சரத்தின் நீளம் 185 மீட்டருக்குள், இரண்டு கணினிகளுக்கு இடையே குறைந்தது அரை மீட்டர்.

இந்த வகைக்கு விளக்கு கிடையாது, ஆனால் மல்டிமீட்டர் விளக்கைவிட நன்றாகப் பேசும். கணினிகளை அணைத்துவிட்டு, ஏதாவது ஒரு டியைக் கார்டிலிருந்து கழற்றி, அதன் நடு ஊசிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே மின்தடையை அளவிடுங்கள். 25 ஓம் அருகே காட்டினால் இரண்டு முடிப்பான்களும் இருக்கின்றன, கேபிளும் முழுசாக இருக்கிறது. 50 காட்டினால் ஒரு பக்கம் முடிப்பான் இல்லை, அல்லது வழியில் கம்பி அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் எங்கோ ஒரு முனையில் வலைக்கம்பியின் இழை நடு ஊசியைத் தொடுகிறது.

6. கார்டுக்கு எண்களைக் கொடுங்கள்

கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, உலோகச் சட்டத்தைத் தொட்டுவிட்டுக் கார்டைப் பொருத்துங்கள். மூடி திறந்திருக்கும்போதே மதர்போர்டில் பீப்பாய் வடிவ பேட்டரி கசிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மிகப் பழைய கார்டில் எண்களை ஜம்பரால் (ஊசிகளை இணைக்கும் சிறு செருகி) வைக்க வேண்டும். தாளில் குறித்த எண்களுக்கு ஏற்ப வையுங்கள். ஜம்பர் இல்லாத கார்டில் அதன் சொந்த அமைப்பு நிரலால் வைக்க வேண்டும். ரியல்டெக் 8019க்கு ஆர்செட்8019, 3காம் எத்தர்லிங்க் 3க்கு 3சி5எக்ஸ்9சிஎஃப்ஜி. பிளக் அண்ட் பிளே நிலையில் கார்டு இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். அந்த நிலையில் யாராவது எழுப்பி எண் கொடுப்பதற்காகக் கார்டு காத்திருக்கும். டாஸ் யாரையும் எழுப்புவதில்லை.

அதே நிரலில் சோதனைப் பகுதியும் இருக்கும். டிரைவர் எதையும் ஏற்றாத வெறும் டாஸில் அதை ஓட்டுங்கள். இங்கே தேறாத கார்டு மேலே எந்த நிரலிலும் தேறாது.

டபிள்யூடி8003 போன்ற கார்டுகள் நினைவகத்திலும் ஒரு துண்டைக் கேட்கும். பலமுறை அது டி000 என்ற பகுதி. 386இல் இஎம்எம்386 என்ற நினைவக மேலாண்மை நிரல் ஓடினால், அந்தத் துண்டைத் தொடாதே என்று எக்ஸ் விருப்பத்தால் அதற்குச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் இருவரும் ஒரே இடத்தில் எழுதுவார்கள்.

7. பாக்கெட் டிரைவர்

டாஸின் டிசிபி/ஐபி நிரல்கள் கார்டோடு நேரடியாகப் பேசுவதில்லை. இடையில் பாக்கெட் டிரைவர் என்ற சிறு நிரல் அமர்கிறது. நினைவகத்தில் சில கேபி மட்டுமே எடுக்கும் என்பதால், 640 கேபிக்குள் நெருக்கியடித்து வாழும் கணினிக்கு இது மிகப் பொருத்தம்.

என்இ2000 டிரைவருக்கு மூன்று எண்களை இந்த வரிசையில் தர வேண்டும்: நிரல்கள் அதைக் கூப்பிடும் மென்பொருள் இன்டரப்ட் (வழக்கமாக 60), ஐஆர்கியூ, போர்ட் முகவரி. இதில் 60ஐயும் 300ஐயும் பதினறும எண்களாகத் தட்ட வேண்டும், அதாவது முன்னால் ஒரு பூஜ்யமும் எக்ஸ் எழுத்தும் வர வேண்டும். வெறும் 300 என்று தட்டினால் அதைச் சாதாரண முன்னூறு என்று எடுத்துக்கொண்டு டிரைவர் வேறு எங்கோ தேடும்.

ஏறியதும் டிரைவர் கார்டின் ஈதர்நெட் முகவரியைத் திரையில் காட்டும். அதை ஒரு கணம் நின்று படியுங்கள். ஆறு ஜோடி எழுத்துகளும் ஒழுங்காக இருந்தால் போர்ட் முகவரி சரி. எல்லாமே எஃப்எஃப் என்று வந்தாலோ, கார்டே இல்லை என்றாலோ, அந்த முகவரியில் யாரும் இல்லை. 6ஆம் படிக்குத் திரும்புங்கள்.

8. முகவரி

எம்டிசிபி என்ற இலவச நிரல் தொகுப்பு 8088இலும் ஓடும். தொடங்குபவர்களுக்கு நான் அதையே தருகிறேன். ஓர் அமைப்புக் கோப்பில் பாக்கெட் டிரைவரின் இன்டரப்ட் எண்ணை எழுதி, அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதைச் செட் கட்டளையால் டாஸுக்குச் சொல்ல வேண்டும். பிறகு டிஹெச்சிபி நிரலை ஓட்டினால் ரவுட்டரிடமிருந்து முகவரி வாங்கி அதே கோப்பில் எழுதிக்கொள்ளும். இரண்டு கணினிகளை நேராக இணைத்திருந்தால் முகவரி கொடுக்க யாரும் இல்லை, 192.168.1.10, 192.168.1.11 என்று நீங்களே எழுதி, இரண்டிலும் மறைப்பு எண் (சப்நெட் மாஸ்க்) 255.255.255.0 என்று வையுங்கள்.

9. "விளக்கு எரிகிறது, டிரைவரும் ஏறியது, ஆனால் பதில் வரவில்லை"

என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதுதான். ஒருவர் இரண்டு இரவுகள் ரவுட்டரின் அமைப்புகளை மாற்றிக்கொண்டே இருந்தார். டிரைவர் காட்டிய ஈதர்நெட் முகவரி அழகாக இருந்தது, விளக்கும் மின்னியது, டிஹெச்சிபி மட்டும் ஒவ்வொரு முறையும் காத்திருந்து கைவிட்டது. கார்டில் ஐஆர்கியூ 5, சவுண்ட் கார்டிலும் 5. கார்டை 10க்கு மாற்றியதும் அடுத்த நொடியில் முகவரி வந்தது.

இதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் பிறகு எந்தக் கார்டிலும் தவறமாட்டீர்கள். ஈதர்நெட் முகவரியைப் படிக்கப் போர்ட் முகவரி போதும், ஐஆர்கியூ தேவையில்லை. வெளியே ஒரு பொதியை அனுப்பவும் பெரும்பாலும் அது போதும். ஆனால் பதில் வந்து சேரும்போது, "வந்திருக்கிறது, எடுத்துக்கொள்" என்று கார்டு கணினியின் தோளைத் தட்ட வேண்டும். அந்தத் தட்டல்தான் ஐஆர்கியூ. எண் தவறாக இருந்தால் பதில் கார்டிலேயே கிடக்கும். ஆகவே அனுப்புகிறது, வாங்கவில்லை என்ற நிலையில் முதலில் ஐஆர்கியூவைச் சந்தேகியுங்கள். 8 பிட் ஸ்லாட்டில் செருகிய கார்டுக்கு 10 என்று வைத்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும், அந்தக் கம்பியே அந்த ஸ்லாட்டில் இல்லை.

10. கோப்புகளை மாற்றுதல்

மற்றக் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் நிரலுக்குப் பதில் வந்துவிட்டால், அடுத்தது கோப்புகளைப் பிணையத்தில் மாற்றும் முறையான எஃப்டிபி. பழைய கணினியில் எஃப்டிபி சர்வரை ஓட்டிவிட்டு, புதிய கணினியிலிருந்து கோப்புகளைத் தள்ளுவதும் இழுப்பதும் எளிது. நல்ல விசைப்பலகையும் பெரிய திரையும் அந்தப் பக்கம்தானே இருக்கின்றன.

பைனரி நிலையில் அனுப்புகிறீர்களா என்று பாருங்கள். உரை நிலையில் அனுப்பினால் வரி முடிவுக் குறிகளை மாற்றி எழுதும். நிரல் கோப்பு அதிலேயே கெட்டுவிடும். அனுப்பியதும் இரண்டு பக்கமும் கோப்பின் அளவை ஒப்பிடுங்கள். ஒரு பைட் மாறினாலும் திரும்ப அனுப்புங்கள். பெயரில் எட்டு எழுத்து, புள்ளிக்குப் பின் மூன்று என்ற அளவை அனுப்பும் முன்பே சரிசெய்துவிடுங்கள்.

புதிய விண்டோஸின் பகிர்வுக் கோப்புறையை டாஸிலிருந்து நேராகத் திறக்க முடியாதா என்று கேட்பார்கள். பழைய மைக்ரோசாஃப்ட் கிளையன்ட் பேசுவது, விண்டோஸின் கோப்புப் பகிர்வு மொழியான எஸ்எம்பியின் முதல் பதிப்பு. 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து அது இயல்பாக நிறுவப்படுவதில்லை, பாதுகாப்புக் குறைகள் காரணமாக. ஒரு பழைய கணினிக்காகப் புதியதில் அந்தக் கதவைத் திறக்காதீர்கள். எஃப்டிபி போதும்.

11. விளையாட்டுக்கு ஐபிஎக்ஸ்

சாதாரண சுவிட்ச் ஐபிஎக்ஸைத் தடுக்காது. உள்ளே இருப்பது எந்த மொழி என்று அது பார்ப்பதில்லை. ரவுட்டர் அதைத் தாண்டி அனுப்பாது, அவ்வளவுதான். நோவெலின் நிரல்களை ஏற்றும் வரிசை: எல்எஸ்எல், கார்டின் ஓடிஐ டிரைவர் (நோவெலின் டிரைவர் வகை), ஐபிஎக்ஸ்ஓடிஐ. வரிசை மாறினால் ஏறாது, ஒவ்வொன்றும் முந்தையதன் மேல் அமர்கிறது.

இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று காணவில்லை என்றால் நெட்.சிஎஃப்ஜி கோப்பில் பிரேம் வகையை (கேபிளில் பொதியைக் கட்டும் முறை) பாருங்கள். ஒன்றில் 802.3, மற்றதில் 802.2 என்று இருந்தால் எல்லாம் சரியாக ஏறியும் பேச்சு நடக்காது. நோவெல் தன் இயல்பு வகையை இடையில் மாற்றியதால், வேறு வேறு வட்டுகளிலிருந்து நிறுவியவர்களுக்கு இது அடிக்கடி நேரும்.

ஓடிஐ டிரைவரும் பாக்கெட் டிரைவரும் ஒரே கார்டை ஒரே நேரத்தில் பிடிக்க முயலக் கூடாது. எம்எஸ்-டாஸ் 6இன் தொடக்கப் பட்டியலில் இரண்டையும் தனித்தனித் தேர்வுகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

12. இணையத்தில் விடலாமா?

ரவுட்டருக்குப் பின்னால், வீட்டுப் பிணையத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து அதற்கு நேர்வழி திறந்துவிடாதீர்கள். எஃப்டிபியில் கடவுச்சொல் மறைக்கப்படாமலேயே போகிறது. வைஃபை வேண்டும் என்றால் ஈதர்நெட் துளை உள்ள ஒரு வைஃபை பிரிட்ஜைக் கார்டோடு இணையுங்கள். பழைய கணினிக்கு அது வெறும் கேபிள்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் அந்தத் தாளில் இறுதி எண்களைத் திருத்தி எழுதி, மூடியின் உட்புறம் ஒட்டிவிட்டு மூடுங்கள். அடுத்த முறை திறப்பவருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.